ஹவில்தார் ரங்கன் வரைந்த இருபத்தாறு பெண்கள்

பட்டாளத்திலிருந்து வந்து இரண்டு வருஷமாகக் கட்டிலுக்கு அடியில் கிடந்த டிரங்குப் பெட்டியை ரங்கன் வெளியே இழுத்துப்போட்டது ஒரு செவ்வாய்க்கிழமை. அன்றைக்குக் காலையில்தான் ஜமுனாமரத்தூரிலிருந்து போன் வந்திருந்தது. கோடை விழாவில் ஒரு ஸ்டால் காலியாக இருக்கிறதாம். தேன் வந்துவிட்டது, சாமை வந்துவிட்டது, மூட்டுவலித் தைலம்கூட வந்துவிட்டது, கலை மட்டும் இன்னும் வரவில்லையாம். மலையில் படம் வரைகிற மிலிட்டரிக்காரர் ஒருத்தர் இருக்காராமே, அவரை வரச்சொல்லுங்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

அம்சவல்லி வாசலில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தாள். புருஷன் படம் வரைவான் என்பது அவளுக்குத் தெரியும். பட்டாளத்தில் அவனுக்கு மேப் வரைகிற வேலை. மேஜர்கள் விரல் வைத்துப் பார்க்கிற ஆறும் மலையும் அவன் கோடு போட்டவை. மிச்ச நேரத்தில், போகிற ஊரில் எல்லாம் ஜனங்கள் கட்டுகிற துணிமணியை வாட்டர் கலரில் வரைந்து வைத்திருப்பதாக லீவில் வரும்போது சொல்வான். மற்றவர்கள் வீட்டு மிலிட்டரிக்காரர்கள் ரம்மும் கம்பளியும் கொண்டுவந்தார்கள். இவன் நாகாலாந்துச் சால்வையின் கரை எத்தனை விரல் அகலம் என்கிற விவரத்தைக் கொண்டுவந்தான். சால்வையைக் கொண்டுவரவில்லை, விவரத்தை மட்டும்.

பெட்டியைத் திறந்ததும் ஒரு மாதிரி வெல்லம் புளித்த வாடை அடித்தது. ரங்கன் ஒவ்வொரு படமாக எடுத்துக் கயிற்றுக் கட்டில்மேலும் பாய்மேலும் பரப்பினான். மொத்தம் முப்பத்திரண்டு. ஆறு ஆண்கள், இருபத்தாறு பெண்கள். தோள்வரை வெள்ளை வளையல் போட்ட ராஜஸ்தான் பெண். நெற்றியிலிருந்து முதுகுவரை பச்சைக்கல் பதித்த பட்டையைப் படமெடுத்த பாம்புபோலத் தலையில் வைத்திருக்கும் லடாக் பெண். தொளதொள அங்கிக்குள் கணப்புச் சட்டியைப் பிடித்திருக்கும் காஷ்மீர்ப் பெண். ஓரமெல்லாம் பொடி எழுத்தில் குறிப்புகள்: மடிப்பு எட்டு, ஊக்கு வலது தோளில், கரை நாலு விரல்.

பக்கத்து வீட்டுக் கலைவாணி, கடன் வாங்கிப்போயிருந்த உளி ஒன்றைத் திருப்பித்தர வந்தவள், அப்படியே நின்றுவிட்டாள். சுயஉதவிக் குழுவின் தலைவி அவள். கையெழுத்து ஒன்றுபோல் இருந்தால் நொடியில் கண்டுபிடித்துவிடுகிற கண்.

"நல்லா கீதுங்க மாமா," என்றாள். பிறகு குனிந்து ஒரு படத்தைப் பார்த்தாள். இன்னொன்றைப் பார்த்தாள். எட்டி மூன்றாவதைப் பார்த்தாள். "ஏன்டி அம்சா, இங்க வா. எல்லாத்துலயும் ஒரே பொம்பளையா கீறா?"

அம்சவல்லி கையைத் தட்டிக்கொண்டு எழுந்து வந்தாள். ராஜஸ்தான்காரிக்குத் தாடையில் இடது பக்கம் பச்சைப்பயறு அளவில் ஒரு மச்சம். லடாக்குக்காரிக்கும் அதே இடத்தில் அதே மச்சம். நாகாலாந்து, அஸ்ஸாம், காஷ்மீர், கட்ச், எல்லோருக்கும் மச்சம். மூக்கும் அதே மூக்கு, நுனியில் கொஞ்சம் தடித்த மூக்கு. ஆறு ஆண்களுக்கும் ஆறு மூஞ்சி. இருபத்தாறு பெண்களுக்கும் ஒரே மூஞ்சி.

"இன்னாய்யா இது?" என்றாள் அம்சவல்லி.

ரங்கன் காது சிவந்தது. கறுத்த ஆள், அவனுக்கே காது சிவக்கிறது என்றால் யோசித்துக்கொள்ளலாம்.

"அது மாடல்," என்றான்.

"மாடல்னா?"

"வரையறப்ப நிக்கிறவங்க."

"எங்க நின்னா?"

"எல்லா ஊர்லயும்தான்."

"நீ போன எல்லா ஊருக்கும் அவளும் வந்தாளா?"

பொய் சொல்லத் தெரியாத ஆளுக்கு உண்மையில் எந்தத் துண்டை வெட்டிக் கொடுப்பது என்பதுதான் பிரச்சினை. "ஆமா," என்றான். "போஸ்டிங் அப்பிடி அமைஞ்சிது."

கலைவாணி உளியை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டு, வீட்டில் அடுப்பில் ஏதோ இருப்பதாகச் சொல்லிப் போய்விட்டாள். அவள் வீட்டு அடுப்பில் அன்றைக்கு ஒன்றும் இல்லை. சாயங்காலத்துக்குள் செய்தி ஊர் முழுக்கப் போய், அடுத்த ஊருக்கும் ஒரு சுற்றுப் போய்வந்துவிட்டது.

பேர் என்ன என்று அம்சவல்லி கேட்டாள். சொல்ல முடியாது என்றான். எந்த ஊர்க்காரி? சொல்ல முடியாது. இப்போது எங்கே இருக்கிறாள்? அதையும் சொல்ல முடியாது. "எங்கம்மா மேல சத்தியம் பண்ணிக் குடுத்துட்டேன் அம்சா. தப்பா ஒண்ணும் இல்ல. அவ்வளவுதான் சொல்ல முடியும்." அம்மா மேல் சத்தியம் பண்ணிக்கொடுக்கிற அளவுக்கு ஒருத்தியோடு பழக்கம் என்றால் அதில் தப்பு இல்லாமல் வேறென்ன இருக்கும் என்று அம்சவல்லி கேட்டாள். அவன் பிரஷ்களை எடுத்துக் கழுவ ஆரம்பித்தான். இரண்டு வருஷமாகக் காய்ந்து கிடந்த பிரஷ்கள்.

மறுநாளிலிருந்து அவள் குழம்புக்கு உப்புப் போடுவதை நிறுத்தினாள். பலன் இல்லை. இருபத்திரண்டு வருஷம் பட்டாளத்து லங்கரில் உப்புச் சப்பில்லாத சமையலைத் தின்ற நாக்கு. அவன் பாட்டுக்குச் சாப்பிட்டுவிட்டு, "இன்னிக்குக் குழம்பு நல்லா கீது," என்று சமாதானத்துக்கு வேறு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனான்.

கலைவாணி தினமும் வந்து ஆறுதல் சொன்னாள். அவள் ஆறுதல் ஒரு தினுசானது. "ஊருக்கு ஒருத்தி வச்சிருந்தாக்கூட மன்னிச்சிடலாம்டி, ஆம்பள புத்தின்னு விட்டுடலாம். ஒருத்தியையே இருபத்தாறு வேஷத்துல பார்த்திருக்கான் பாரு, அதுதான் எனக்கு ஆறல." அம்சவல்லிக்கு மட்டும் அது ஆறியிருந்ததா? கல்யாணமாகி அவன் பட்டாளத்தில் இருந்த பதினாறு வருஷத்தில் அவளுக்கு வருஷத்துக்கு இரண்டு மாசம் லீவு. மிச்சம் பத்து மாசமும் அந்த மச்சக்காரிக்கு. கோபமாக இருந்தபோது அந்தக் கணக்கு தெரியவில்லை. தனியாகப் புளியங்கொட்டையைப் பொறுக்கும்போது தெரிந்தது.

மூன்றாம் நாள் ராத்திரி அவளுக்கு ஒரு யோசனை வந்தது. இவன் சொல்லாவிட்டால் என்ன, இவனோடு எல்லா ஊரிலும் இருந்த இன்னொரு ஆள் இருக்கிறாரே. வாணியம்பாடி கலீலுல்லா பாய். இரண்டு பேரும் ஒரே நாளில் பட்டாளத்தில் சேர்ந்து, ஒரே பாரக்கில் கிடந்து, ஒரே வருஷம் திரும்பி வந்தவர்கள், ரங்கன் ஹவில்தாராக, அவர் ஒரு படி கீழே நாயக்காக. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் மனுஷர் தவறாமல் போன் பண்ணுவார். அவர் மலைக்கு வந்ததில்லை, இவளும் அவரைப் பார்த்ததில்லை. குரல்தான் பழக்கம், "அண்ணி நல்லா கீறீங்களா?" என்கிற கனத்த குரல். போன வருஷம் தன் கடையிலிருந்து மூன்று ஜோடி செருப்பு அனுப்பியிருந்தார், அந்தப் பெட்டிமேல் கடை விலாசம் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில், "போளூர் போயி டாக்டர்கிட்ட ஆடற பல்லைக் காட்டிட்டு வர்றேன்," என்று ரங்கனிடம் சொல்லிவிட்டு, ராஜஸ்தான் படத்தைப் பேப்பரில் சுற்றி மஞ்சள் பையில் சொருகிக்கொண்டு, ஆலங்காயம் போகிற பஸ்ஸில் ஏறினாள். போளூர் ஒரு திக்கு, ஆலங்காயம் ஒரு திக்கு. எந்த பஸ்ஸில் ஏறுகிறாள் என்று பார்க்க ரங்கன் கூட வரவில்லை. வரும் தைரியம் அவனுக்கு இல்லை.

நல்ல புடவையாக, மாம்பழ நிறத்தில் கட்டிக்கொண்டிருந்தாள். காதில் ஜிமிக்கி. ஒருவேளை அந்த மச்சக்காரி வாணியம்பாடியிலேயே இருந்து தொலைத்தால் என்ன பண்ணுவது?

வாணியம்பாடியில் இறங்கி விசாரித்துப் போனபோது கடை பூட்டியிருந்தது. பள்ளிவாசலுக்குப் போயிருக்கிறார், வீடு மாடியில்தான், மேலே போங்கள் என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். படியேறிக் கதவைத் தட்டினாள். கதவைத் திறந்தவள் சுபைதா, கலீலுல்லாவின் மனைவி. உருண்டையான முகம், கையெல்லாம் மாவு, மூக்குக் கண்ணாடியிலும் மாவு.

"நான் ரங்கன் வூட்டுக்காரி. ஜவ்வாது மலையிலேர்ந்து வர்றேன்."

"யா அல்லா! ரங்கன் அண்ணன் வூட்டு அக்காவா? சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிறீங்களே, உள்ள வாங்க!" தண்ணீர் வந்தது, அதன் பின்னால் டீ, அதன் பின்னால் பிஸ்கட். சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்கிற உத்தரவும் வந்தது. அம்சவல்லி பாயிடம்தான் பேசவேண்டும் என்று நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். ஆனால் ஒரு பொம்பளை இவ்வளவு அன்பாக டீ கொடுத்தால் எவ்வளவு நேரம்தான் பொறுப்பது? பாதி டீயிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். படம், மச்சம், போஸ்டிங் அப்பிடி அமைஞ்சிது, அம்மா மேல் சத்தியம், எல்லாம்.

சுபைதாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "எந்தச் சிறுக்கி அவ? எங்க வூட்டுக்காரருக்குத் தெரியாம இருக்காது. வரட்டும், நானே கேக்கறேன். எங்க, மூஞ்சியக் காட்டுங்க பார்ப்போம்."

அம்சவல்லி பேப்பரைப் பிரித்துப் படத்தைத் தரையில் விரித்தாள். சிவப்புப் பாவாடை, கண்ணாடி பதித்த ரவிக்கை, தலையில் முக்காடு, ஒரு கை இடுப்பில்.

சுபைதா பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். எழுந்து உள்ளே போனாள். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. கல்யாண ஆல்பத்தோடு திரும்பி வந்து, முதல் பக்கத்தைத் திறந்து, படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். ஷேர்வானி போட்டு, ரோஜா மாலையோடு, தாடி மீசை இல்லாமல் மழுமழுவென்று ஒரு மாப்பிள்ளை. தாடையில் இடது பக்கம் பச்சைப்பயறு அளவில் மச்சம். நுனி தடித்த மூக்கு.

"அக்கா," என்றாள் சுபைதா மெதுவாக. "இது இன்னாக்கா, எங்க வூட்டுக்காரரு பாவாட கட்டிகினு கீறாரு?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் சிரித்தது யார் என்று பின்னால் இரண்டு பேருமே உரிமை கொண்டாடினார்கள். சுபைதா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சுவரோடு சரிந்தாள். அம்சவல்லிக்கு மூச்சு முட்டியது. சிரிப்பு ஓயும்போது யாராவது ஒருத்தி, "இடுப்புல கைய பாரேன்," என்பாள், திரும்பவும் ஆரம்பமாகும்.

அந்த நேரம் பார்த்து நாயக் கலீலுல்லா (ஓய்வு) படியேறி வந்தார். இப்போது நெஞ்சுவரை தாடி, அதற்குக் கீழே நல்ல தொப்பை, தலையில் தொப்பி. வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். சிரித்துக்கொண்டு கிடக்கும் இரண்டு பெண்கள், தரையில் கிடக்கும் படம். செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே திரும்பிப் படி இறங்கப் பார்த்தார்.

"எங்க போறீங்க?" என்று கத்தினாள் சுபைதா. "உள்ள வாம்மா ராஜஸ்தான் பொண்ணே!"

அவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அந்தப் பய சத்தியத்தை மீறிட்டானா?" என்றார்.

"மீறல. நானாத்தான் கண்டுபிடிக்க வந்தேன்," என்றாள் அம்சவல்லி. "உப்பில்லாம தின்னுகினு வாயைத் தொறக்காம கீறாரு."

அதைக் கேட்டதும் கலீலுல்லாவின் கண்ணில் ஒரு கலக்கம் வந்தது. "அவன் ஆம்பள அண்ணி," என்றார். பிறகு நடந்ததைச் சொன்னார். ரங்கனுக்குத் துணியைக் கட்டிக்கொண்டு நிற்க ஓர் ஆள் வேண்டும். ஒல்லியாக, தாடி சரியாக முளைக்காமல் அப்போது இவர்தான் இருந்தார். ஒரு படத்துக்கு நின்றால் இவருடைய ராத்திரிக் காவல் டூட்டி இரண்டை ரங்கன் பார்ப்பான், அதுதான் பேச்சு. "தூக்கத்துக்கு ஆசப்பட்டுத்தான் பொம்பளையானேன் அண்ணி. பாதிப் படத்துல நின்னுகினே தூங்கியிருக்கேன். லடாக்குல தண்ணி உறைஞ்சிப்போகும், கலர் கரைக்க முடியாது. என் பங்கு ரம்மு சும்மாதான் கெடக்கும், அதுல கரைச்சான். படம் பூரா ஒரே வாடை. நான் குடிக்காமலே நாறிகினு நின்னேன்." விஷயம் வெளியே தெரிந்தால் சர்வீஸ் முடியும்வரை எல்லாரும் தன்னை பேகம் என்றே கூப்பிடுவார்கள் என்று பயந்துதான் சத்தியம் வாங்கியிருக்கிறார்.

"யாருகிட்டயும் சொல்லிடாதீங்க அண்ணி. இங்க எனக்கு ஒரு மரியாத கீது. ஜமாத்துல பேர் கீது."

சொல்ல மாட்டோம் என்று இரண்டு பெண்களும் ஒத்துக்கொண்டார்கள். ஆனால் சுபைதா ஒரு நிபந்தனை போட்டாள். கோடை விழாவுக்குக் குடும்பத்தோடு போகவேண்டும், இருபத்தாறு படத்தையும் அவள் பார்க்கவேண்டும், அவள் பார்க்கும்போது இவர் பக்கத்தில் நிற்கவேண்டும்.

திரும்பி வரும் பஸ்ஸில் அம்சவல்லி தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் ஜாக்கிரதையாக நகர்ந்து உட்கார்ந்தாள். ஆலங்காயம் தாண்டி மலை ஏறும்போது சிரிப்பு நின்றுபோனது. மச்சக்காரி செத்தே போனாள், நல்லதுதான். ஆனால் இத்தனை வருஷமாக இவன் தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே. ஒரு நல்ல தமாஷை மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்திருக்கிறான், அவளுக்குப் பங்கு தரவில்லை. அது வேறு மாதிரியான கோபம். வீட்டுக்கு வந்து ஒன்றும் தெரியாதவள்போல முகத்தை வைத்துக்கொண்டாள்.

"பல்லு எப்பிடி கீது?" என்றான் ரங்கன்.

"ஆட்டம் நின்னுடுச்சி," என்றாள். அன்றைக்குக் குழம்பில் உப்பு இருந்தது. அவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் இன்னொரு கரண்டி ஊற்றினாள். விழாவுக்கு இன்னும் பத்து நாள், கிடந்து வேகட்டும்.

கோடை விழாவில் படங்களுக்கு நல்ல இடமாகவே கொடுத்திருந்தார்கள். தேன் ஸ்டாலுக்கும் தைலம் ஸ்டாலுக்கும் நடுவில். மேலே பேனர்: 'பாரதப் பெண்களின் மரபு உடைகள்: ஒரு ராணுவ வீரரின் தூரிகையில்.' ரங்கன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், யாரோ தன்னைக் கைது பண்ண வரப்போகிறார்கள் என்பதுபோல ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். கலீலுல்லா குடும்பத்தோடு வந்து இறங்கியதைப் பார்த்ததும் அவனுக்கு வேர்த்தது. சுபைதா சலாம் சொல்லிவிட்டு நேராகப் படங்களுக்குப் போனாள். ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று படத்தைப் பார்ப்பாள், புருஷனைப் பார்ப்பாள், துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டு அடுத்ததற்கு நகர்வாள். ரங்கனுக்கு லேசாகப் பிடிபட ஆரம்பித்தது. அம்சவல்லியைப் பார்த்தான். அவள் தேன் ஸ்டாலைப் பார்த்தாள்.

பதினோரு மணிக்குப் போளூரிலிருந்து ஜீவானந்தம் ஐயா வந்தார். ரிட்டயர்டு தமிழாசிரியர், நாட்டார் கலை ஆர்வலர், கையில் மைக்கைக் கொடுத்தால் திரும்ப வாங்குவது சிரமம். கொடுத்துவிட்டார்கள்.

"அன்பர்களே, இந்த லடாக் பெண்ணைக் காணுங்கள்! தாழ்ந்திருக்கும் இந்த இமைகளைக் காணுங்கள்! பனிமலையில் பிறந்த கன்னிப்பெண் ஒருத்தி அந்நிய ஆடவன் முன் நிற்கும்போது அவள் விழிகளில் ததும்பும் நாணம்! இந்த நாணத்தை ஓர் ஆண் நடித்துக்கூடக் காட்ட முடியாது!"

சுபைதாவின் தோள் குலுங்கியது. கலீலுல்லா வானத்தைப் பார்த்துக்கொண்டு தாடியை நீவினார். தாங்கிக்கொண்டார். ராஜஸ்தான் பெண்ணின் வீரத்தையும், காஷ்மீர்ப் பெண்ணின் ஏக்கத்தையும், அஸ்ஸாம் பெண்ணின் தாய்மையையும் தாங்கிக்கொண்டார். கூட்டம் கைதட்டியது. அவருக்குமே கொஞ்சம் பெருமையாக இருந்ததோ என்னவோ, நெஞ்சு லேசாக நிமிர்ந்திருந்தது.

வினை வேறு பக்கத்திலிருந்து வந்தது. கண்ணமங்கலத்திலிருந்து கூட்டமாக வந்திருந்தவர்களில் ஒரு அம்மாள் ஐஸ்கிரீமை நக்கிக்கொண்டே படங்களைப் பார்த்துவிட்டு, "துணியெல்லாம் சூப்பரா கீது. பொண்ணுதான் சுமாரு," என்றாள்.

"சுமாரா?" என்றார் அவள் புருஷன். "வேற ஆளே கெடைக்கலையா? இத எவன் கட்டுவான்?"

"யாருங்க சுமாரு?" என்றது ஒரு கனத்த குரல்.

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். தொப்பியும் தாடியுமாக ஒரு பெரிய மனுஷர் முகம் சிவந்து நின்றிருந்தார்.

"இல்ல பாய், அந்தப் படத்துல கீற பொண்ண..."

"அதத்தான் கேக்கறேன். எந்த விதத்துல சுமாரு? அந்த வயசுல எனக்கு இருந்த நெறம் இன்னான்னு தெரியுமா உங்களுக்கு? ராஜஸ்தான்ல பார்மர் ஊர்ல இந்தப் பாவாடையைக் கட்டிகினு வெளிய வந்தப்போ அந்த ஊர்ப் பெரியம்மா எனக்குத் திருஷ்டி கழிச்சாங்க! மாப்பிள்ளை பார்க்கட்டுமான்னு கேட்டாங்க!"

மைக் ஜீவானந்தம் ஐயா கையில் இருந்தது, அவர் பக்கத்திலேயே நின்றிருந்தார். ஆகவே இது ஜமுனாமரத்தூர் முழுக்கக் கேட்டது. தேன் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் பாட்டிலோடு திரும்பினார்கள். கலைவாணி, "அடியே அம்சா!" என்று இவள் கையைப் பிடித்தாள். கலீலுல்லா தாடியை ஒரு பக்கமாக ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, மச்சத்தை லடாக் படத்துக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அதற்குப் பிறகுதான் தான் என்ன செய்துவிட்டோம் என்பது அவருக்குப் புரிந்தது. தாடியை மெதுவாகப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார். ஆனால் மலையே பார்த்துவிட்டது.

கூட்டம் சிரித்த சிரிப்பில் தைலம் பாட்டில் இரண்டு உருண்டு விழுந்தது. சிரிக்காத ஒரே ஆள் ஜீவானந்தம் ஐயா. நாணத்தைப் பற்றி அவ்வளவு பேசியிருந்தார், பாவம்.

"இது மோசடி இல்லையா?" என்று மைக்கிலேயே ரங்கனைக் கேட்டார். "பெண்களின் உடை என்று போட்டுவிட்டு ஓர் ஆணை நிறுத்தி வரைந்திருக்கிறீர்களே, ஏன்?"

ரங்கன் ஸ்டூலிலிருந்து எழுந்தான். அட்டென்ஷனில் நின்றான், அது அவனை அறியாமலே வருவது.

"துணி மோசடி இல்லைங்க ஐயா. ஒவ்வொரு மடிப்பும் எண்ணிப் போட்டது," என்றான். நிறுத்தினான். அவ்வளவுதான் என்று அம்சவல்லி நினைத்தாள். ஆனால் அவன் மேலே பேசினான். "மொதல்ல ஒரு ஊர்ல ஒரு பொண்ணத்தான் கேட்டேங்க. அழகா சால்வ போட்டிருந்திச்சி. கொஞ்ச நேரம் நில்லும்மான்னு சைகை காட்டினேன். நின்னுச்சி. நான் வரைய வரைய மடிப்பெல்லாம் ஆடுது. காத்து இல்ல. ஏன் ஆடுதுன்னு நிமிந்து பார்த்தா, அந்தப் பொண்ணு நடுங்குது. நான் யூனிபார்ம்ல கீறேன். துப்பாக்கி செவுத்துல சாஞ்சிகினு கீது. அது நான் கேட்டதுக்காக நிக்கல, பயந்துகினு நிக்குது. போம்மான்னேன். ஓடிப்போச்சி."

ஐஸ்கிரீம் அம்மாள் நக்குவதை நிறுத்தியிருந்தாள்.

"துப்பாக்கி வச்சிருக்கிறவன் நில்லுன்னா யாரும் நிக்கத்தான் செய்வாங்க. அப்பிடி நிக்கிறவங்கள வரையறது இல்லன்னு வச்சிகினேன். அப்புறம் போன ஊர்ல எல்லாம் வயசான அம்மாங்க கிட்ட போயி, துணிய மட்டும் குடுங்க, இவனுக்குக் கட்டிவுடுங்கன்னு கேட்போம். அவங்களே கட்டிவுடுவாங்க. ஊக்கு எங்க குத்தணும், முடிச்சி எங்க போடணும்னு சொல்லிக்குடுப்பாங்க. இவன் நடந்து காட்டுவான். அவங்க வவுறு புடிச்சிகினு சிரிப்பாங்க. எங்களைப் பார்த்தா கதவச் சாத்தற ஊருங்க ஐயா அது. இவன் பாவாடைய கட்டிகினா, கதவத் தொறந்து வெளிய வந்து சிரிப்பாங்க."

அவன் ஸ்டூலில் திரும்ப உட்கார்ந்துகொண்டான். அம்சவல்லி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமானதிலிருந்து அவன் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை. இந்த ஆளுக்குப் போய் மூன்று நாள் உப்பில்லாமல் போட்டோமே என்று ஒரு கணம் தோன்றியது. மறு கணமே, இதை ஊர் முன்னால் மைக்கில் சொல்லத் தெரிந்தவனுக்கு வீட்டில் சொல்ல என்ன கேடு என்றும் தோன்றியது. இரண்டும் ஒரே நேரத்தில் தோன்றியதால் கண்ணைத் துடைத்துக்கொண்டே முறைத்தாள்.

ஜீவானந்தம் ஐயா மைக்கைக் கீழே இறக்கினார். கொஞ்ச நேரம் லடாக் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தைலக்காரனிடம் ஒரு மார்க்கர் பேனாவை வாங்கி, பேனரில் அழகான கையெழுத்தில் கடைசியில் ஒரு வரி சேர்த்தார்: 'உடுத்திக் காட்டியவர்: நாயக் கலீலுல்லா, வாணியம்பாடி.' சந்திப்பிழை எதுவும் இல்லையே என்று ஒருமுறை படித்தும் பார்த்துக்கொண்டார்.

அதன் பிறகு மூன்று மணிவரை கலீலுல்லாவோடு போட்டோ எடுத்துக்கொள்ள வரிசை நின்றது. முதல் ஆளாக நின்றவள் அந்த ஐஸ்கிரீம் அம்மாள். முதலில் கையால் முகத்தை மூடிக்கொண்டவர், பத்தாவது போட்டோவில் தாமாகவே இடுப்பில் கை வைத்தார். பேகம் என்று யாரோ பின்னாலிருந்து கூப்பிட்டார்கள். சுபைதா திரும்பி, "பேகம் நான். அவரு நாயக்," என்றாள்.

எல்லாம் முடிந்து ஒரு வாரம் போனது. ஒருநாள் காலை அம்சவல்லி நைட்டிக்கு மேல் ரங்கனின் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டி, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, சாமைக் கொல்லைக்குக் கிளம்பினாள். வாசலில் பெயின்ட் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டிருந்த ரங்கன் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"இன்னா?" என்றாள்.

"ஒண்ணுல்ல."

"வரையணுமா?"

"உனக்கு இஷ்டம் இருந்தா."

"நிக்க மாட்டேன். உக்காந்துகினுதான் இருப்பேன். பேசிகினே இருப்பேன். நடுவுல எழுந்து போவேன்."

"சரி."

உட்கார்ந்தாள். சொன்னபடியே பேசிக்கொண்டே இருந்தாள், கலைவாணி திருப்பித்தந்த உளியிலிருந்து சுபைதா நேற்று போனில் சொன்னதுவரை. அவன் நைட்டியின் ஒரு மடிப்பை முடிப்பதற்குள், ஆடு கொல்லையில் புகுந்துவிட்டது என்று யாரோ கத்தினார்கள். குச்சியை எடுத்துக்கொண்டு ஓடிப்போனாள். போனவள் போனவள்தான், மத்தியானம்தான் வந்தாள்.

மறுநாள் அதே நேரத்துக்கு வந்து உட்கார்ந்தாள். ரங்கன் பிரஷை நனைத்துவிட்டு நிமிர்ந்தான். நேற்றுப் பச்சைப் பூப்போட்ட நைட்டி, இன்றைக்கு ஊதாவில் கட்டம்.

"துணி மாறிப்போச்சே அம்சா."

"நேத்துது துவைச்சிப் போட்டிருக்கேன். இன்னிக்கு இதுதான். எழுதிக்கோ ஓரத்துல."

அவன் தாளைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பச்சை மடிப்புக்குப் பக்கத்தில் ஊதாவைத் தொட்டு வைத்தான்.